ஆரஞ்சு டப்பாவும் அப்பாவின் போனும்

கல்யாணப் பத்திரிகையின் மாதிரித் தாள் நேற்றுக் காலைத் தபாலில் வந்தது, தம்பி. எழுத்துப்பிழை இருந்தால் திருத்தி உடனே திருப்பி அனுப்பச் சொல்லியிருந்தாய். பார்த்தேன். ஹேமாவின் பெயர் அழகாக விழுந்திருக்கிறது. மண்டபத்தின் முகவரி சரி, முகூர்த்த நேரம் சரி, என் பெயரும் சரிதான். உன் அப்பாவின் பெயருக்கு முன்னால்தான் 'காலஞ்சென்ற' என்று ஒரு வார்த்தை இருக்கிறது. அச்சுக்காரன் வேறு யாருடைய பத்திரிகையையோ பார்த்துக் கோத்துவிட்டான் என்று முதலில் அவனைத்தான் திட்டினேன். அப்புறம், நீ கையால் எழுதி அச்சகத்தில் கொடுத்த மூலத்தையும் கூடவே வைத்திருந்தாயே, அதை எடுத்துப் பார்த்தேன். உன் கையெழுத்து.

இப்போதுதான் இன்னொன்றும் விளங்குகிறது. போன மாதம் பெங்களூரில் ஹேமா வீட்டுக்குப் போனபோது அவள் அம்மா என் நெற்றிப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். காபியைக் கையில் கொடுத்துவிட்டு, இந்தக் காலத்தில் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள், நீங்கள் வைத்துக்கொள்வதுதான் அழகு என்றாள். பெங்களூர்க்காரர்கள் இப்படித்தான் சம்பந்தமில்லாமல் எதையாவது பாராட்டுவார்கள் போலிருக்கிறது என்று நானும் பல்லைக் காட்டிவிட்டு வந்தேன். சரியான மண்டு நான். பிரான்சில் உயிரோடு இருக்கும் மனுஷனை அவர்களிடம் சாகடித்துவிட்டு, அவருடைய பெண்டாட்டியைப் பொட்டும் பூவுமாக அவர்கள் முன்னால் உட்கார வைத்திருக்கிறாய். ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லியிருக்கக் கூடாதா? நேற்று உன்மேல் கோபம் கோபமாக வந்தது. அரைமணி நேரம் இருந்திருக்கும். அதற்கு மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. ஏன் இல்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

போனில் சொல்லலாமே என்பாய். இருபத்திரண்டு வருஷம் பாண்டி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், வெளியூர்க் கால்களை இணைக்கும் டிரங்க் போர்டின் முன்னால் உட்கார்ந்தவள் நான், போனை எனக்குத் தெரியாதா? கேட்கப் பிடிக்காததைக் கேட்டால் மனுஷர்கள் டக்கென்று ரிசீவரை வைத்துவிடுவார்கள். கடிதத்தைப் பாதியில் கசக்கிப் போட்டாலும் ஆத்திரம் அடங்கியதும் எடுத்துப் பிரித்துப் படிக்கலாம். அதனால் இது கடிதமாகவே வரட்டும். நடுவில் வளவளவென்று எங்காவது போனால் பொறுத்துக்கொள். வேலையில் இருந்த காலம் முழுக்க ஊரான் பேச்சுக்கு வழிவிட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன். இப்போது இந்த முத்தியால்பேட்டை வீட்டில் நாள் முழுக்கப் பேச ஆள் இல்லை. பால்காரனிடம் நான் பேசும் பேச்சுக்கு அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஓடுகிறான்.

அந்தக் குரங்கு ஆட்டத்தை நீ மறந்திருக்க மாட்டாய். நேரு வீதியிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், துணிக்கடைக்குப் பின்புறம், தகரக் கூரைபோட்ட ஒரு கொட்டகை. வாசலில் 'வீடியோ கேம்ஸ்' என்று சிவப்புப் பெயின்டில் எழுதியிருக்கும். உள்ளே நாலு பெட்டிகள். எங்கிருந்தோ கப்பலில் வந்த பழைய பெட்டிகள் என்று நீதான் சொன்னாய். ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாய். பள்ளிக்கூடம் விட்டால் வீட்டுக்கு வரும் வழியே உனக்கு மறந்துபோயிற்று. ஒருநாள் டூட்டி முடிந்து நேராக அங்கே வந்து உன் காதைப் பிடித்து இழுத்துப் போவது என்று கிளம்பினேன். வாசல் திரையை விலக்கிப் பார்த்தால், ஐந்தாறு பையன்கள் உன் முதுகுக்குப் பின்னால் மூச்சுவிடாமல் நிற்கிறார்கள். நீ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ரெண்டு நிமிஷம்மா, லிஃப்ட்டுகிட்ட வந்துட்டேன்" என்றாய். காதைப் பிடிக்க வந்தவள் ரெண்டு நிமிஷம் நின்றேன். நின்றது நின்றதுதான், அந்த ஆட்டம் முடிந்து அடுத்த ஆட்டமும் முதலிலிருந்து தொடங்கிவிட்டது.

சத்தியமாகச் சொல்கிறேன், அது அப்படி ஒரு அழகாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கருத்த கண்ணாடிக்குள்ளே ஒரு சிவப்பு இரும்புச் சாரம். பாலம் பாலமாகச் சாய்ந்து கிடக்கிறது, நடுவில் நீல ஏணிகள், அதில் சிலது பாதியில் உடைந்தவை. உச்சியில் ஒரு பெருங்குரங்கு மார்பைத் தட்டிக்கொண்டு நிற்கிறது. பக்கத்தில் ஒரு பெண் கையை ஆட்டிக் கூப்பிடுகிறாள். குரங்கு பீப்பாய்களை ஒவ்வொன்றாக உருட்டிவிட, அவை மடங்கி மடங்கி இறங்கி வர, கீழே தொப்பி போட்ட ஒரு குட்டி மனுஷன் தாவித் தாவி ஏறுகிறான். அவன் நடந்தால் ஒரு சத்தம், குதித்தால் ஒரு சத்தம், பீப்பாயைச் சுத்தியலால் உடைத்தால் ஒரு சத்தம். கடைசி ஏணியில் ஏறி அந்தப் பெண்ணிடம் அவன் போய்ச் சேர்ந்ததும் நடுவில் சிவப்பாக ஒரு இதயம் தோன்றியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, போ. அடுத்த கணம் இதயம் உடைந்து, குரங்கு அவளைத் தூக்கிக்கொண்டு இன்னும் மேலே ஏறிப் போய்விட்டது. "என்னாடா இது அநியாயம்" என்று நான் வாய்விட்டுச் சொல்ல, பையன்கள் எல்லாம் திரும்பிச் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். "இன்னும் மூணு கட்டம் இருக்குதும்மா. கடைசில எட்டு ஆணியையும் புடுங்கினா அதுவே தலகீழா வுழும்" என்றாய். அன்றைக்கு உன்னை அடிக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்கு வந்து பாடத்தை முடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று மட்டும் சொன்னேன். நீயும் அப்படியே செய்தாய்.

உன் அப்பா போய் அப்போது எட்டு வருஷம் ஆகியிருந்தது. உனக்கு ஏழு வயதில் போனார். உன் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்ததால் அந்த வீட்டில் எல்லோருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. பாரிசுக்கு வெளியே ரயில்வே கிடங்கில் வேலை கிடைத்தது. ஆறு மாதத்தில் நம் இருவரையும் கூப்பிட்டுக்கொள்வதாகச் சொல்லிப் போனார். ஆறு மாதம் ரெண்டு வருஷம் ஆயிற்று, ஆனாலும் கூப்பிடத்தான் கூப்பிட்டார். இதை நீ இன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்கிறாய் என்று எனக்குத் தெரியும். காகிதமெல்லாம் அனுப்பினார். நான்தான் வரவில்லை என்று எழுதினேன். நிரந்தர உத்தியோகத்தை விட முடியாது என்று காரணம் சொன்னேன். நிஜத்தில் பயம். பாஷை தெரியாத ஊரில் நாலு சுவருக்குள் பேச்சுத்துணை இல்லாமல் செத்துப்போவேன் என்று பயந்தேன். ரெண்டாவது தடவையும் அனுப்பினார். ரெண்டாவது தடவையும் மாட்டேன் என்றேன். அதற்கப்புறம் கடிதம் குறைந்தது. அங்கே அவருக்கு யாரோ ஒருத்தி இருக்கிறாள் என்று லீவில் வந்த யாரோ சொன்னார்கள். மெய்யா பொய்யா என்று நான் விசாரிக்கவே இல்லை. பொய் என்று தெரிந்துவிட்டால், போகாமல் இருந்ததற்கு நான் யாரைக் குற்றம் சொல்வேன்? உன்னிடம் மட்டும், அப்பா நம்மை மறந்துட்டார்டா என்று சொல்லி வைத்தேன். சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மையாகிவிட்டது.

அந்த வருஷம் ஆடி மாதம் வீராம்பட்டினம் தேருக்கு உன் அப்பாவின் சித்தப்பா மகன் லீவில் வந்தவன், நம் வீட்டுக்கும் வந்து ஒரு பொட்டலத்தைக் கொடுத்தான். உன் பெயர் எழுதியிருந்தது. பிரித்தால், ஆரஞ்சு நிறத்தில் பவுடர் டப்பா மாதிரி ஒன்று. திறந்தால் மேலே ஒரு குட்டித் திரை, கீழே ஒரு குட்டித் திரை. மேலே அதே குரங்கு, கீழே அதே பீப்பாய், அதே தொப்பிக்காரன். நீ வீடு அதிரக் கத்தினாய். அந்தக் கொட்டகையில் உன் சைஸுக்கு நின்ற பெட்டியை யாரோ உன் உள்ளங்கைக்குள் மடித்து வைத்துவிட்டார்கள்.

அரைமணி நேரத்தில் முகம் மாறிற்று. இது அந்த ஆட்டம் இல்லை என்றாய். கலர் இல்லை, எல்லாம் கொசு நசுங்கின மாதிரி கறுப்பாக இருக்கிறது என்றாய். லிஃப்ட் இல்லை, சுத்தியல் இல்லை, இதயம் உடையவில்லை. ஏணியில் ஏறும்போதுகூட அந்த மனுஷன் நகர்வதில்லை, இங்கே அணைந்து அங்கே எரிகிறான். ஒரே ஒரு கட்டம்தான். லீவரைத் தட்டி, ஆடி வரும் கொக்கியைத் தாவிப் பிடித்து, நாலு தடவை இழுத்தால் குரங்கு விழும், மறுபடி முதலிலிருந்து. ஆனால் டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தைப் படித்ததும் உன் குறையெல்லாம் பறந்துபோயிற்று. எனக்கும் கேட்கட்டும் என்று உரக்கப் படித்தாய். இது உனக்குப் பிடிக்கும் என்று கடைக்காரர் சொன்னார், அடுத்த மாதம் முதல் ஞாயிறு உங்கள் ஊர் நேரம் நாலு மணிக்கு ஆல்பேர் மாமா வீட்டுக்குப் போன் பண்ணுகிறேன், எத்தனை பாயிண்ட் எடுத்தாய் என்று சொல், இங்கே வந்து படிப்பதைப் பற்றியும் பேசலாம் என்று எழுதியிருந்தார்.

எக்ஸ்சேஞ்சில் வேலை பார்ப்பவள் வீட்டில் போன் கிடையாது. தெருவில் போன் இருந்தது ஆல்பேர் மாமா வீட்டில்தான். அவரும் பழைய சொல்தா, பென்ஷன் வாங்கிக்கொண்டு தனியாக இருந்தார். அடுத்த வீட்டு மனுஷர், உன்மேல் உயிர். நீ போய்ச் சொன்னதும் அந்த ஞாயிறுக்காக டெலிபோன் மேஜையையே துடைத்து வைத்தார். அந்த மூன்று வாரமும் நீ அந்த டப்பாவும் கையுமாகத்தான் திரிந்தாய். சாப்பிடும்போது இடது கையால் ஆடினாய். முதலில் நூறு தாண்டவில்லை. அப்புறம் முந்நூறு. கடைசி வெள்ளிக்கிழமை எழுநூற்று முப்பத்தொன்று. ஆட்டம் பிடிக்காமல் போனாலும் எண் பெரிதாக இருக்க வேண்டும் என்று ஆடினாய். அதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். உன் வாயிலிருந்து 'அப்பா' என்ற வார்த்தை ஒரு நாளைக்கு எத்தனை தடவை வருகிறது என்பதையும் கேட்டுக்கொண்டே இருந்தேன். நீ போய்விடுவாய் என்று நினைத்தேன். நிச்சயம் போய்விடுவாய். அப்புறம் எனக்கு யார் இருக்கிறார்கள்?

அந்த ஞாயிறு எனக்கு விடுமுறை. உன்னிடம், திடீரென்று டூட்டி போட்டுவிட்டார்கள் என்றேன். யாரும் போடவில்லை. கூட வேலை பார்த்த சரோஜாவிடம் நானே போய்க் கேட்டு அவள் மதிய டூட்டியை மாற்றி வாங்கிக்கொண்டேன். அவர் என்ன பேசுகிறார் என்று ஒட்டுக்கேட்பதுதான் அப்போதைய எண்ணம். அதுவே விதிப்படி தப்பு, ஆனால் செய்யாத ஆபரேட்டர் கிடையாது. அதற்கு மேல் எதையும் நான் யோசித்துக்கொண்டு போகவில்லை என்று சத்தியம் பண்ணுவேன். நீ நம்ப வேண்டாம்.

நாலு அடித்துப் பத்து நிமிஷம் இருக்கும். மெட்ராஸ் போர்டு லைனின் விளக்கு எரிந்தது. எடுத்தேன். பாண்டி, பாரிசிலிருந்து பி.பி. கால் என்றாள் அங்கிருந்த ஆபரேட்டர். உனக்கு விளங்காமல் போகக் கூடாது, அதனால் சொல்கிறேன்: பி.பி. கால் என்றால் அந்த எண்ணில் யார் எடுத்தாலும் போதாது, சொன்ன ஆள்தான் வந்து பேச வேண்டும். அந்த ஆள் இல்லையென்றால் இல்லை என்று நாங்கள் சொல்லிவிட வேண்டும். ஆல்பேர் மாமாவின் எண்ணைச் சொன்னாள். ஆளின் பெயர் என்று உன் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னாள். கார்டு என்று நாங்கள் சொல்லும் இணைப்பு வயரை எடுத்தேன். சொருக வேண்டிய துவாரம் என் கண்ணுக்கு நேரே, ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் நீ உட்கார்ந்திருக்கிறாய் என்று தெரியும். கார்டு கையிலேயே இருந்தது. மணிகூட அடிக்கவிடவில்லை, தம்பி. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, விசாரித்த மாதிரி, "பி.பி. நாட் அவைலபிள்" என்றேன்.

லைனை அவள் துண்டிப்பதற்குள் உன் அப்பாவின் குரல் கேட்டது. எட்டு வருஷத்துக்கு அப்புறம் கேட்கிறேன். கடல் இரைச்சல் மாதிரி ஒரு இரைச்சலுக்கு நடுவே, "இல்லையா? சரிம்மா. வெளயாடப் போயிருப்பான், பையன்தான" என்றார். என்னிடம்தான் சொன்னார். நான் யார் என்று தெரியாமல் சொன்னார். கூடக் குடும்பம் நடத்தினவள் குரல் அவருக்குத் தெரியவில்லை. அந்த இடத்தில் என் நெஞ்சு கல்லாகிவிட்டது. அதற்கு முன்னால் செய்தது பயத்தில் செய்தது என்று வைத்துக்கொண்டாலும், ஆறு மணிக்கு அவர் மறுபடி கூப்பிட்டபோது செய்தது வன்மத்தில் செய்ததுதான். அப்போது, மணி அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை என்றேன்.

ஏழு மணிக்கு டூட்டி முடிந்து வந்தேன். ஆல்பேர் மாமா வீட்டு ஹாலில் டெலிபோன் பக்கத்து நாற்காலியில் நீ அப்படியே இருந்தாய். மூன்று மணிக்கு வந்து உட்கார்ந்தவன் ஒண்ணுக்குக்கூட எழுந்து போகவில்லை என்று அவர் சொன்னார். போன் செத்துவிட்டதோ என்று நாலு தடவை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாயாம். எடுத்த பாயிண்டை மறந்துவிடக் கூடாது என்று உள்ளங்கையில் பேனாவால் எழுதி வைத்திருந்தாய். வியர்வையில் நீலமாக ஊறியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாய். நீ கேட்ட கேள்வியை உன்னைவிட நான் நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறேன்.

"நீதானம்மா போர்டுல இருந்த. பிரான்ஸ்லேருந்து கால் ஏதாவது வந்துச்சா?"

"ஒண்ணும் வரலடா."

அவ்வளவுதான். நீ மேற்கொண்டு கேட்கவில்லை. ஏன் கேட்கப்போகிறாய்? உன் அம்மாவே போர்டில் உட்கார்ந்திருந்தாள், அவளைவிட யாருக்குத் தெரியும்? வேறு எந்த வீட்டுப் பையனாக இருந்தாலும் லைன் கிடைக்கவில்லை, ஆபரேட்டர் சொதப்பிவிட்டாள் என்று மறுவாரம்வரை காத்திருப்பான். உனக்கு அந்த வழியும் இல்லாமல் நான் அடைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து கிணற்றடியில் கையைக் கழுவினாய். சோப்புப் போட்டுப் போட்டு வெகுநேரம் கழுவினாய். டப்பாவைத் துணி அலமாரிக்குள் வைத்தாய். அதற்கப்புறம் அதை நீ தொடவில்லை. கொட்டகைக்கு மட்டும் கொஞ்ச நாள் போனாய், அந்த மழைக்காலத்தில் அதுவும் மூடிவிட்டார்கள்.

ரெண்டு மாதம் கழித்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. பையன் என்னோடு பேசப் பிரியப்படவில்லை போலிருக்கிறது, நியாயம்தான், அவனைக் கட்டாயப்படுத்தாதே என்று எழுதியிருந்தார். நாலே வரி. நான் பதில் போடவில்லை. அதையும் இந்த உறையில் வைத்திருக்கிறேன். தேதியைப் பார்த்துக்கொள்.

நீ பெங்களூருக்குப் போனபின் ஒரு மதியம் அலமாரியை ஒழிக்கும்போது டப்பா கையில் வந்தது. கைக்கடிகாரக் கடையில் பட்டன் பேட்டரி போட்டுக் கொடுத்தார்கள். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து ஆடத் தொடங்கினேன். சிரிக்காதே. முதல் பீப்பாயிலேயே பத்து நாள் செத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, நீ எப்படிக் கட்டை விரலை வைப்பாய் என்று நினைத்து நினைத்துப் பழகினேன். ஒருநாள் நாலு கொக்கியும் பிடிபட்டு, குரங்கு தலைகீழாக விழுந்தது. "வுழுந்துடுச்சுடா" என்று கத்திவிட்டேன். வீட்டில் யார் இருக்கிறார்கள்? அடுத்த வீட்டில் சொல்லலாம் என்றால் ஆல்பேர் மாமாவும் அதற்கு முந்தின வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டார். வெட்கமாகப் போயிற்று. டப்பாவை மூடிவிட்டு, அடுப்பில் ஒன்றும் இல்லாமலே அடுப்படிக்குப் போய் நின்றேன்.

அந்தக் கொட்டகையில் நின்றபோது உச்சியில் கையை ஆட்டிக் கூப்பிடும் பெண் நான்தான் என்று எனக்குள் ஒரு நினைப்பு இருந்தது. கைவிடப்பட்டவள் என்று ஊரும் சொன்னது, எனக்கும் அது சௌகரியமாக இருந்தது. இந்த டப்பாவோடு தனியாக உட்கார்ந்த பிற்பாடுதான் உறைத்தது. ஒரு ஆள் ஏறி ஏறி வர, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேலே போனவள் நான். குரங்கு நான்தான். இதைச் சொல்லி உன்னைச் சமாதானப்படுத்தப் பார்க்கவில்லை. சொல்ல வேறு ஆள் இல்லை.

ஹேமாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், புத்திமதி என்று எடுத்துக்கொண்டாலும் சரி. நல்ல பெண். பட்டுப் பட்டென்று பேசுகிறாள், எனக்குப் பிடித்திருக்கிறது. அவள் மனதில் என்ன இருக்கிறது என்பதை அவளிடமே கேள். லீவில் வந்தவன் சொன்னான், ஆபீசில் சொன்னார்கள் என்று எதையும் உள்ளே போட்டுப் பூட்டாதே. பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொல். நான் அவருக்கு அந்த ஒரு வரியை எழுதியிருந்தால், அவர் ஒருவேளை திரும்பி வந்திருப்பார், ஒருவேளை கோபித்திருப்பார், எதுவாக இருந்தாலும் இந்த நிலைமை வந்திருக்காது. நாளைக்கு உங்கள் வீட்டில் போன் வைப்பீர்கள். யாருக்கு வந்த போனோ அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அப்பா செத்துவிட்டார் என்று அவளிடமும் சொல்லியிருக்கிறாயா, அல்லது அவள் வீட்டாரிடம் மட்டுமா என்று எனக்குத் தெரியாது. அவளிடமும் சொல்லியிருந்தால் அதை இன்றைக்கே சரிசெய். பொய் சொன்னது நீ என்றாலும் அது பிறந்தது என் வாயில்.

பத்திரிகைத் தாளில் அந்த ஒரு வார்த்தையை மட்டும் அடித்திருக்கிறேன். பக்கத்தில் வேறு எதுவும் எழுதவில்லை. அவரைக் கூப்பிடுவதும் கூப்பிடாததும் உன் விருப்பம். அவர் வந்து நின்று, இதையெல்லாம் தெரிந்துகொண்டு, இந்தப் பொம்பளை மணவறைப் பக்கம் வரக் கூடாது என்றாலும் நான் வரமாட்டேன். நீயே அப்படி நினைத்தாலும் எனக்கு ஒரு வரி எழுதிப் போட்டுவிடு, சொல்லாமல் இருந்துவிடாதே. நேற்றிலிருந்து அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். உன்னை இழக்கக் கூடாது என்று செய்த காரியம் இன்றைக்கு உன்னை என்னிடமிருந்து கொண்டுபோனால், அதை மறுக்க எனக்கு ஒரு நியாயமும் கிடையாது. பயமாக இருக்கிறது, கண்ணு. அதையும் சொல்லிவிட்டேன்.

அவர் இருக்கிறார். ஒவ்வொரு வருஷப் பிறப்புக்கும் ஒரு வாழ்த்து அட்டை வரும். முகவரியும் போன் எண்ணும் மட்டும் இருக்கும், வேறு ஒரு எழுத்து இருக்காது. இந்த வருஷத்து அட்டையையும் உறையில் வைத்திருக்கிறேன். உங்கள் ஆபீஸ் எதிரே வெளிநாட்டுக்குப் போன் பேசும் பூத் திறந்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். இப்போது நேராக நாமே சுழற்றலாம், நடுவில் யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போ, அங்கே அப்போது மதியமாக இருக்கும், வீட்டில் இருப்பார். எடுத்து 'அலோ' என்பார். முதலில் உன் பெயரைச் சொல். அவருக்குத் தெரிந்தது உன் ஏழு வயதுக் குரல்தான், அடையாளம் தெரியவில்லை என்றால் கோபித்துக்கொண்டு வைத்துவிடாதே. அன்றைக்கு மூன்று மணியிலிருந்து போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன் என்று சொல். அப்படியானால் இல்லை என்று சொன்னது யார் என்று கேட்பார். சொல்லிவிடு.